எலிக்கும் பூனைக்கும் ஒரே ஜபம்

நான் ஜபித்தால் திபெத்தின் லாசாவைச் சுற்றியுள்ள மலைகளே எழுந்து நின்று கேட்கும். கவ்விய எலியைப் பூனை விடாதா என்ன? காலை வெயில் பூஜை மாடத்தின் ஏழு நீர்க்கிண்ணங்களிலும் நடுங்குகிறது. எதிரே எங்கள் பூனை. அதன் பல்லிடுக்கில் துடிக்கிறது ஒரு வால். எல்லா உயிரும் ஏதோவொரு பிறவியில் நம்மைப் பெற்ற தாய் என்று தினமும் ஜபிக்கிறவன் நான். பிடுங்கினால் ஒரு தாய்க்குப் பட்டினி, விட்டால் இன்னொரு தாய்க்குச் சாவு. ஜபமாலை விரலில் அப்படியே நிற்கிறது.

"எந்த அம்மா கட்சி நீங்க? லாரி ஹார்னுக்கே ஒரு யாக் எருமை விலகினதில்ல, ஜபத்துக்குப் பூனை மசியுமாக்கும்!" என்று சிரிக்கிறாள் என் மனைவி தோல்கர்.

இரண்டு தாய்க்கும் சேர்த்து உரக்க ஜபிக்கிறேன். பூனை வாயைத் திறக்கிறது. தோல்கர் சிரிப்பை நிறுத்திவிட்டு, விழுந்த எலியை உள்ளங்கையில் ஏந்துகிறாள்.

"விட்டுடுச்சுங்க, நானும் பாத்தேன். ஆனா, இது ஓட மாட்டேங்குதே."