மீன் வாடை அடித்த கேன்

பவானி நாவல்பழம் தின்றிருக்கிறாள் என்றுதான் மீன் சந்தையில் எல்லோரும் நினைத்தார்கள். உதடு அப்படி நீலம் பாரித்திருந்தது.

“இன்னும் போணிகூட ஆவல, அதுக்குள்ள நாவப்பழமாடி? எங்குளுக்கு ரெண்டு குடுக்க மனசு வர்ல பாரு!”

பவானி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. கேனைச் சாய்த்துச் சாய்த்துச் சங்கரா மீன்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள், முழங்கை வரை ஈரமாக அப்படியே சரிந்தாள்.

சௌக்கத் அலி அப்போதுதான் சாயக் கம்பெனியில் இரவு ஷிப்டு முடிந்து அந்த வழியாக வந்துகொண்டிருந்தார். அவர் கண்ணில் முதலில் பட்டது பவானி அல்ல. பக்கத்தில் உருண்டு கிடந்த வெள்ளைக் கேன்.

ஓடி வந்தவர் மீன் தட்டை மண்ணில் கவிழ்த்தார். யாரும் பொறுக்கிக்கொண்டு போய்விடக் கூடாதென்று காலால் மண்ணைத் தள்ளி மூடினார்.

“யோவ் பாய்! பொயப்பையே கவுத்துட்டியே, உனுக்கு இன்னா பைத்தியமா?”

அவர் அதற்குள் ஆட்டோவைக் கூப்பிட்டார். கேனை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வரும்வரை அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. தெரிந்த துஆ எல்லாம் ஓதியாகிவிட்டது.

இப்போது அவசரப் பிரிவில் ஓரமாக நின்றார். நர்ஸ் பவானியின் நனைந்த புடவையை மாற்றி, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டிருந்தார். ஆக்சிஜன் ஓடியது. ஆனால் உதடு சிவக்கவில்லை. ஊசியில் ஏறிய இரத்தம் காப்பித்தூள் நிறத்தில் இருந்தது.

டூட்டி டாக்டர் சின்ன வயதுப் பெண். இரவெல்லாம் விழித்த கண்கள். கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேபிளைச் சுரண்டியிருந்தது.

“ஏதோ கெமிக்கல் தோல் வழியா உள்ள போயிருக்கு. எதுன்னு தெரிஞ்சா சரியான மருந்த உடனே போட்டுடலாம். தெரியாம போட பயமா இருக்கு. இந்தக் கேன் எங்கேர்ந்து வந்துச்சு?”

சௌக்கத் அலிக்குத் தெரியும்.

சாயக் கம்பெனியின் லேபுக்கு வருகிற சரக்கு அது. எண்ணெய்போல் இருக்கும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. உடம்பில் பட்டால் தோல் வழியே இறங்கி இரத்தத்தைக் கெடுக்கும். மூன்று முறை அலசினாலும் கேனின் கைப்பிடிக் குழிக்குள் கொஞ்சம் பதுங்கிக்கொள்ளும். அதனால்தான் காலிக் கேனைக் கடப்பாரையால் அடியில் குத்தி ஓட்டை போட்ட பிறகே கேட்டைத் தாண்ட விடுவார்கள். ஓட்டை இல்லாத கேன் கிடைத்தால் இந்தப் பக்கத்தில் யார்தான் தண்ணீர் பிடிக்கமாட்டார்கள்?

ஓட்டை போடாத ஒரு கேன் வெளியே போனதற்காகத்தான் கூட வேலை பார்த்த தாமஸைப் போன வருடம் வேலையைவிட்டு அனுப்பினார்கள். இருபது வருடச் சர்வீஸ். பத்து பைசா கொடுக்கவில்லை.

சௌக்கத் அலிக்கு அடுத்த ரம்ஜானோடு ஓய்வு. கால் வலித்தது.

“பெரியவரே, நீங்கதானே கூட்டி வந்தீங்க? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. பவானி மூக்கின் மேலிருந்த முகமூடியை இழுத்து விலக்கியிருந்தாள்.

“அவுருக்கு இன்னா தெரியும், டாக்டரம்மா? அது கடல்ல மெதந்துகினு வந்துச்சு. நான்தான் எட்தாந்தேன்.” மூச்சு வாங்கினாள். “யாரும் குடுக்கல.”

சொல்லும்போது அவள் சௌக்கத் அலியைப் பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாதென்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தினமும் காலையில் அந்த வழியாகப் போகிறவருக்கென்று ஒரு கை நெத்திலியை இலையில் மடித்து வைத்திருப்பவள் அவள். ‘தூங்காத கண்ணு, தின்னுட்டுப் படு பாய்’ என்பாள். அவளுடைய குடம் விரிசல் விட்டு ஒழுகுவதை ஒரு வாரமாக அவர் பார்த்தார். ஐந்தாறு முறை அலசியது போதும் என்று நினைத்து, நேற்று மாலை ஷிப்டு ஏறும் முன் கம்பெனி கேட்டருகே வரச் சொல்லியிருந்தார்.

கேனை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: “இன்னா பாய், மீன் நாத்தம் அடிக்குது?”

“உன் கைல அடிக்காததா?” என்று சிரித்தார் சௌக்கத் அலி. அந்தச் சரக்கின் வாடையே அதுதான் என்பது, அதில் ஊறி மரத்துப்போன அவர் மூக்குக்கு எட்டவில்லை.

நல்ல மனசு சொல்கிற பொய்யை ஆண்டவன் மன்னிப்பான். இரத்தம் மன்னிக்காது.

“அனிலின்மா,” என்றார் டாக்டரிடம். “கம்பெனி லேப் கேன். லேபிளைச் சுரண்டி, ஓட்டை போடாம நான்தான் குடுத்தேன்.”

டாக்டர் பெயரை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு ஓடினார்.

“அறிவு கீதா பாய் உனுக்கு?” பவானியின் கண்ணோரம் வழிந்தது. “நான்தான் சொல்ட்டேன்ல? வேல பூடுமே...”

சௌக்கத் அலி முகமூடியை எடுத்து அவள் மூக்கின்மேல் பதமாகப் பொருத்தினார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நேற்று மாலை ஷிப்டு ஏறியதிலிருந்து இப்போதுதான் உட்கார்கிறார்.

உதட்டு நீலத்தை எடுக்க நர்ஸ் கொண்டுவந்த மருந்தும் நீலமாகத்தான் இருந்தது.