நீங்க பாடுங்க

ஆன்சிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்பதில் ராயபுரத்தில் யாருக்கும் சந்தேகமில்லை.

பின்னே? ஆன்சி கிட்டார், நவ்ரீன் குரல். ரெண்டு பேரும் சேர்ந்ததுதான் 'உப்புக்காத்து'. கல்யாண மண்டபத்தில் ஆரம்பித்து இன்றைக்கு பெசன்ட் நகர் பக்கமெல்லாம் கூப்பிட்டுப் பாடச் சொல்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் ஒரே பாட்டு. அதிலும் ஒரே வரி. "ஏ கப்பக்காரா, எங்கூட்டுப் பக்கம் திரும்பிப் பாரேன்" என்று நவ்ரீன் உச்சத்தில் இழுப்பாளே, அந்த இடம்.

அந்த வரியைத்தான் ஆன்சி இப்போது அவளைப் பாடவிடுவதில்லை.

சரியாக அந்த இடம் வந்ததும் நவ்ரீன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்குகிறாள். கூட்டத்தைப் பார்த்து நீட்டுகிறாள். "நீங்க பாடுங்க." ஜனங்களும் குஷியாகப் பாடுகிறார்கள்.

நவ்ரீன் காய்ச்சலில் படுத்திருந்தபோது இவள் தனியாக மேடை ஏறினாள் இல்லையா, அந்த ருசி விடவில்லை என்று ஏரியாவில் பேச்சு. கேட்டால் யாருக்கும் அப்படித்தானே தோன்றும்.

நவ்ரீனின் அண்ணன் ஃபர்ஹானுக்கு வயிறு எரிந்தது. வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையை அப்படியே விட்டுவிட்டு, தங்கச்சிக்காக ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்குகிறவன் அவன்.

"நீ தனியா பாடு நவ்ரீன். ஆள் பேசி வெச்சிகீறேன்."

"வாணாண்ணா," என்பாள். ஏன் என்று சொல்ல மாட்டாள்.

திருவொற்றியூர் நிகழ்ச்சியன்று மேடைக்குப் பின்னாலேயே ஆன்சியை மடக்கிவிட்டான்.

"இன்னிக்கு மட்டும் மைக்ல கைய வெச்சே, இத்தோட உங்க ஜோடி காலி. என் தங்கச்சிய இட்டுகினு போயிடுவேன்."

தந்தியை முறுக்கிக்கொண்டிருந்த ஆன்சி நிமிர்ந்தாள். "ஜனங்க பாடுனா நல்லாத்தானே கீதுண்ணா?"

"அவுங்க பாடுறதுக்கு என் தங்கச்சி எதுக்கு? வெப்பியா, மாட்டியா?"

ஆன்சி நவ்ரீனைப் பார்த்தாள். நவ்ரீன் தண்ணி பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"சரிண்ணா. வெக்கல."

பாட்டு ஆரம்பித்தது. அந்த இடமும் வந்தது. ஆன்சி சொன்ன சொல் தவறவில்லை. கிட்டாரை நிறுத்திவிட்டு, நின்ற இடத்திலேயே தலைக்கு மேலே கை தட்டினாள். அவ்வளவுதான்.

நவ்ரீன் வாயைத் திறந்தாள்.

அதற்குள் கூட்டம் பாடிவிட்டது. மைக்கை யாரும் நீட்டவில்லை, பாடுங்கள் என்று யாரும் சொல்லவுமில்லை. பல மாசப் பழக்கம். முன்வரிசை மீன்காரம்மாக்கள் முதல் பைக் மேல் உட்கார்ந்திருந்த பசங்க வரைக்கும் எல்லோரும் சேர்ந்து கப்பக்காரனைக் கூப்பிட்டார்கள்.

நவ்ரீன் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

கீழே இறங்கியதும் ஃபர்ஹான் எகிறினான். "எப்படிப் பழக்கி வெச்சிகீறா பாரு. கெளம்பு நவ்ரீன், இவ சகவாசமே வாணாம்."

நவ்ரீன் நகரவில்லை. "இப்ப நான் வாயத் தொறந்தேனே, சத்தம் வந்துச்சாண்ணா?"

"அவுங்க பாடுனதுல எங்க கேக்குது?"

"வந்தாத்தானே கேக்கும். அந்தக் காய்ச்சலுக்கு அப்பால அந்த எடம் எனக்கு எட்டவே இல்ல. வூட்ல சொன்னா பயந்துடுவீங்க, வெளிய தெரிஞ்சா பாட்டே போச்சுன்னு உள்ளயே வெச்சிகினு செத்துகினு இருந்தேன். நேத்துதான் டாக்டரு சொன்னாரு, கொஞ்ச கொஞ்சமா வந்துடுமாம்."

சொல்லி முடித்துப் பெருமூச்சு விட்டாள். எத்தனையோ நாள் கழித்து அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

மேடையில் ஆன்சி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஃபர்ஹான் அவளைப் பார்த்தான், தங்கச்சியைப் பார்த்தான்.

"அப்ப ரெண்டு பேரும் பேசி வெச்சிகினுதான் செஞ்சீங்களா? கூடப் பொறந்தவன் எங்கிட்ட மறைச்சிட்டு, அவகிட்ட மட்டும் சொல்லிக்கீறே."

நவ்ரீன் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"அவகிட்டயும் சொல்லலண்ணா."