தாடையப்பரின் படை

மழை விட்ட மறுநாளே எறும்பு வாடை அடித்தது. வேலைக்காரக் கறையான் பொடிச்சி காவல் கூடத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னாள்.

அந்தப் புற்றில் சிப்பாய்களுக்குத் தாடை அரிவாள் மாதிரி. அதால் கடிக்க முடியும், மென்று தின்ன முடியாது. பொடிச்சி மாதிரி வேலைக்காரிகள்தான் மரத்தை மென்று அவர்கள் வாயில் ஊட்ட வேண்டும்.

"இருக்கிற காவல் பத்தாது. இனிமே பொரிக்கிற குஞ்செல்லாம் சிப்பாயாகணும்," என்றார் தளபதி தாடையப்பர்.

"ஊட்டுறதுக்கு ஆள் வேணாமாங்க? இப்பவே எங்களுக்குக் கை ஓயலை."

"எறும்பு உள்ள வந்தா உனக்குக் கை இருக்குமா?"

எறும்பென்றால் பொடிச்சிக்கும் பயம்தான். தலையாட்டிவிட்டாள்.

வாடை வரும்போதெல்லாம் இதே பேச்சு. சிப்பாய்கள் பெருகினார்கள். மென்று மென்று வேலைக்காரிகள் ஒவ்வொருத்தியாகச் சுருண்டு விழுந்தார்கள். வாசல் சுவர் விரிசல் விட்டது, பூச ஆளில்லை. கடைசியில் பொடிச்சி ஒருத்திதான் மிச்சம்.

ஒருநாள் அந்த விரிசல் வழியே எறும்பின் மீசை நீண்டது. பொடிச்சி அலறிக்கொண்டு காவல் கூடத்துக்கு ஓடினாள். அவள் காலடி கேட்டதுமே அத்தனை தாடைகளும் ஒன்றாகத் திறந்தன. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

"வந்துட்டாங்க! வாசலுக்குப் போங்க!"

யாரும் வாசல் பக்கம் திரும்பவில்லை. திறந்த வாய்கள் எல்லாம் அவளைப் பார்த்தே நின்றன.

"போறோம் தாயி," என்றார் தாடையப்பர், குரலே எழும்பாமல். "முதல்ல ஆளுக்கு ஒரு வாய் ஊட்டிவிடு."