நான்காம் பாகம்

தப்பை முதலில் ஆரம்பித்தவன் மூன்றாம் மாடி ஜெகதீஷ். இதை யார் முன்னாலும் சொல்வேன்.

எங்கள் ஊர் கோவில்பதாகையில் அடுக்குமாடிச் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். ஒரு சாயங்காலம், லிப்ட் வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது என் பேத்தி வர்ஷாவை நிறுத்தினான். அவன் கையில் அவளுடைய கதைப் புத்தகம், நான்காம் பாகம். அவன் மகள் கிருஷ்ணப்பிரியாவும் இவளும் ஒரு நாள் அவள், ஒரு நாள் இவள் என்று மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"பேயைக் காதலிக்கிற கதை. இதைக் குடுத்து என் பொண்ணையும் கெடுக்கறியா?" என்றான்.

அப்புறம் என் பக்கம் திரும்பி, "பெரியவரே, நீங்களாவது கவனிக்கறதில்லையா?" என்று வேறு கேட்டான்.

வர்ஷா தலையைக் குனிந்துகொண்டாள். புத்தகத்தைக் கொடு என்றேன். குப்பையில் போடப் போவதாகச் சொல்லிவிட்டு லிப்டில் ஏறிப் போய்விட்டான். அதோடு கிருஷ்ணப்பிரியா எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. வர்ஷா லிப்டில் ஏறுவதும் நின்றது. எவ்வளவு கனம் இருந்தாலும் படிக்கட்டுதான்.

அந்தக் கதையை நல்ல கதை என்று நானும் சொல்ல மாட்டேன். ஆறு பாகமாம். வயசுப் பிள்ளைகள் எல்லாம் அதையேதான் படிக்கிறார்களாம். செத்துப்போன ஒரு பையன், மழை பெய்தால் மட்டும் கண்ணுக்குத் தெரிவான். உயிரோடு இருக்கிற பெண்ணுக்கு அவன்மேல் காதல். செத்தவன் எப்படிம்மா குடும்பம் நடத்துவான் என்று நானே வர்ஷாவைக் கேலி செய்திருக்கிறேன்.

ஆனால் செங்கல் தடிமனில் இங்கிலீஷ் புத்தகம் அது. நான் லாரி ஓட்டினவன். பஸ் போர்டையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். என் பேத்தி அதைக் கையில் எடுத்தால் பக்கம் புரளுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். அப்படிப்பட்டவளைப் பத்துப் பேர் நடுவில் ஒருத்தன் கெட்டவள் என்பதா?

வேறு புத்தகம் வாங்கித் தருகிறேன் என்றான் என் மகன் வெங்கட். வேண்டாம் என்றேன். எடுத்தவன்தான் தர வேண்டும். சொன்ன வார்த்தையையும் அதே லிப்ட் வாசலில் அவனே திரும்ப வாங்க வேண்டும்.

சரஸ்வதி பூஜை வந்தது. எல்லா வீட்டுப் புத்தகங்களையும் கீழே பார்க்கிங்கில் வீடு வீடாக அடுக்கி, சேர்ந்து பூஜை போடுவது எங்கள் வழக்கம். வயதில் மூத்தவன் என்று சந்தனம், குங்குமம் வைக்கிற வேலை எனக்கு. ஜெகதீஷ் வீட்டுப் புத்தகங்களை அவன் மனைவி தீபிகா கொண்டுவந்தாள். அவர் மேசையில் இருந்ததை அப்படியே அள்ளி வந்துவிட்டேன் என்றாள்.

ஆபீஸ் பைல்கள், சங்கத்து விதிமுறைப் புத்தகம். அடியில் பிரவுன் அட்டை போட்ட தடிப் புத்தகம் ஒன்று. பொட்டு வைக்கப் போன கை நின்றுவிட்டது. பக்கங்களின் ஓரத்தில் காபிக் கறை. அது என் காபி. நான்தான் கொட்டினேன்.

குப்பைக்குப் போன புத்தகம் அட்டை போட்டுக்கொண்டு சாமி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஜெகதீஷின் ரயில் சீசன் டிக்கெட் அடையாளத்துக்குச் செருகியிருந்தது.

பெரிய பொட்டாக வைத்து, அவன் அடுக்கில் அதை மேலே தூக்கி வைத்தேன்.

பூஜை முடிந்ததும் ஜெகதீஷ் மெதுவாக என் அருகில் வந்தான். இப்போது நான் பெரியவர் இல்லை.

"ஐயா, ஆபீஸ் புத்தகம் ஒண்ணு அவசரமா வேணும். எடுத்துக்கட்டுமா?"

"சாமியாண்ட வெச்சத நாளைக்குத்தான் எடுக்கணும் நைனா. அவசரம்னா அந்த சரஸ்வதியம்மாவையே கேளு."

மறுநாள் காலை எல்லாரும் கூடினார்கள். அடுக்கில் மேலே இருப்பதை நான் எடுத்துக் கொடுப்பேன். வாங்கியவர் சாமி முன்னால் நாலு வரி உரக்கப் படிக்க வேண்டும். முதல் ஆள் செயலாளர். பேய்க் காதலை அவன் வாயாலேயே படிக்கட்டும் என்று பிரவுன் அட்டைமேல் கையை வைத்தேன். அவனுக்கு வேர்த்து ஊற்றியது.

அப்போதுதான் கிருஷ்ணப்பிரியா கண்ணில் பட்டாள். அப்பா படிக்கப் போவதைக் கேட்கக் கைகூப்பி நின்றாள். இன்னும் ஒரு நிமிஷத்தில், லிப்ட் வாசலில் வர்ஷா நின்ற மாதிரி இந்தப் பெண் நிற்பாள்.

பிரவுன் அட்டையைக் கீழே தள்ளிவிட்டு, விதிமுறைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன்.

படிக்கட்டில் செருப்பு விடக் கூடாது, பொது இடத்தில் உரத்துப் பேசக் கூடாது என்று நாலு வரி படித்தான். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும், "ஐயா..." என்று இழுத்தான்.

"இன்னா ஐயா? முடிச்சிட்டு எங்க பாப்பா கையில குடு. உன் பொண்ண ஊட்டுக்கு அனுப்பு. லிப்டாண்ட பேசுனதுக்கு லிப்டாண்டயே பதில் சொல்லு. நான் மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனச்சுக்காத."

கிருஷ்ணப்பிரியா அன்றைக்கே வந்துவிட்டாள். அவன் சொல்ல வேண்டிய வார்த்தை இன்னும் வரவில்லை. புத்தகமும் வரவில்லை. கேட்டால், இப்போது தீபிகா படிக்கிறாளாம்.

புத்தகம் இருந்தபோது படித்தவரைக்கும் வர்ஷா தினமும் பால்கனியில் உட்கார்ந்து எனக்குத் தமிழில் சொல்லிவிடுவாள். அந்தப் பையன் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றுவிட்டான், அவள் இன்னும் கதவைத் திறக்கவில்லை, மழை விடப் போகிறது. அந்த இடத்தில்தான் ஜெகதீஷ் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போனான்.

பாவம், எனக்கு அந்தப் பையன் இன்னும் மழையில்தான் நிற்கிறான்.