மெடல் இல்லாத படம்

“அந்த மெடலை அழிச்சிடும்மா.”

பூர்ணிமா கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தாள். எதிரே நின்ற கலியபெருமாளுக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். ரெட்டியார்பாளையத்திலிருந்து அப்பாவின் பழைய படத்தோடு வெயிலில் பஸ் ஏறி வந்திருந்தார்.

“சரியாச் சொல்லுங்கய்யா. மெடல் போடணுமா, அழிக்கணுமா?”

“அழிக்கத்தான்.”

ஜூலை வந்தால் போதும், பெரிய மார்க்கெட் பக்கத்திலிருக்கும் அவள் போட்டோ கடைக்கு ஊரில் உள்ள பீரோக்களிலிருந்தெல்லாம் தாத்தாக்கள் படமாகக் கிளம்பி வந்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்த சொல்தாக்கள். பதினாலாம் தேதி பிரெஞ்சு தேசிய விழாவுக்கு அவர்கள் குடும்பத்துச் சங்கம் படக் கண்காட்சி வைக்கிறது. படங்களைச் சரிசெய்து மாட்டுவது பூர்ணிமாவின் பொறுப்பு.

இல்லாத மெடலைக் குத்தச் சொல்பவர்கள் உண்டு. போன வாரம் ஒருவர், தாத்தா கையிலிருந்த குடையை எடுத்துவிட்டுத் துப்பாக்கி கொடுக்கச் சொன்னார். இருக்கிற மெடலைப் பிடுங்க வந்த பிள்ளை இவர் ஒருத்தர்தான்.

பெத்த அப்பனுக்குக் கிடைத்த பெருமை இந்த மனுஷனுக்கு ஏன் கசக்கிறது என்று நினைத்தபடியே படத்தை ஸ்கேன் செய்தாள்.

பெரிதாக்கினால் பட்டாளத்து ஆட்களின் சங்கதி எல்லாம் வெளியே வந்துவிடும். விறைப்பாக நிற்பவரின் ஒரு பூட்ஸில் நாடா இருக்காது, சணல் கட்டியிருக்கும். தோளில் இருப்பது ஸ்டூடியோக்காரரின் கட்டைத் துப்பாக்கியாக இருக்கும். கலியபெருமாளின் அப்பா கோவிந்தசாமியிடம் அப்படிக் குறை எதுவும் இல்லை. பெல்ட், தண்ணீர்க் குடுவை, தொப்பி எல்லாம் அசல். மெடலும் அசல். அதன் ரிப்பன் மேல் சின்னதாக ஒரு தகடு, அதில் பிரெஞ்சு எழுத்து. ‘அல்ஜீரி’ என்று எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“அப்பா எங்கய்யா சண்டை போட்டாரு?”

“இந்தோசீனாவுல. போனவருகிட்டேருந்து வருசக்கணக்கா தகவலே இல்ல. அம்பத்தொம்பதுல அவரு கூட்டாளி வந்து, ‘அம்பத்து மூணுலேயே செத்துட்டாரு’ன்னு அம்மாகிட்ட சொன்னாராம். இந்தப் படத்தையும் அவருதான் குடுத்தாரு.”

“ஆனா இது அல்ஜீரியா மெடலாச்சே?”

கலியபெருமாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஆமாம்மா. அந்த மெடலே அம்பத்தெட்டுலதான் வந்துச்சு. எனக்கு இருவது வயசுல பீச் ரோட்டு ஊர்வலத்துல ஒரு சொல்தா மார்ல இதையே பார்த்தேன். விசாரிச்சேன். செத்தவரு அஞ்சு வருசம் கழிச்சு எப்படி மெடல் குத்திக்குவாரு? எங்கேயோ நல்லாத்தான் இருந்திருக்காரு. எங்களைத்தான் வேணாம்னுட்டாரு.”

“அம்மாவுக்கு...?”

“படிக்கத் தெரியாது. அந்த ஆளு சொன்னதை நம்பி இருவத்தேழு வயசுல பொட்டழிச்சிட்டு உக்காந்தாங்க. சொல்தா பென்ஷனுக்கு ஊரே பறக்கும். அவங்க, ‘உசுரு போனதுக்குக் கூலியா’ன்னு அந்தப் பக்கமே போகல. மில்லு வேலைக்குப் போய் என்னை ஆளாக்கினாங்க. இப்ப தொண்ணூத்தி மூணு வயசு. படத்தைக் கண்காட்சியில பார்க்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. அங்க வர்றதெல்லாம் மெடலைப் பார்த்தே கதை சொல்ற ஆளுங்கம்மா. எவனாவது அவங்க எதிர்ல வாய விட்டுட்டான்னா, இந்த வயசுல தாங்குவாங்களா?”

பூர்ணிமாவுக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனுஷனையா அப்படி நினைத்தோம்! அம்பது வருஷத்துக்கு மேல் தனியாகவே சுமந்திருக்கிறாரே.

பக்கத்துச் சட்டைத் துணியையே நகல் எடுத்து, மெடல் இருந்த இடத்தை அடையாளம் தெரியாமல் மூடினாள். அந்தக் கடையில் எத்தனையோ பொய் செய்திருக்கிறாள். இது ஒன்றுதான் மனசை உறுத்தவில்லை.

கண்காட்சியன்று அம்மா அஞ்சலாட்சியைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தார் கலியபெருமாள். “நில்லும்மா, நாற்காலி எடுத்தாறேன்” என்று உள்ளே போனார்.

கிழவி படத்தின் அருகில் முகத்தைக் கொண்டுபோய் உற்றுப் பார்த்தாள். புருஷனின் மார்பில் விரலை வைத்துத் தடவினாள்.

“இங்க ஒரு மெடலு இருக்குமேம்மா?”

பூர்ணிமா சட்டென்று சமாளித்தாள். “பழைய படம் பாருங்க ஆயா. அந்த இடம் பூஞ்சை புடிச்சு அழிஞ்சுபோச்சு.”

“நல்லதாப் போச்சு.”

மகன் வருகிறானா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, கிழவி குரலைத் தாழ்த்தினாள்.

“கூட்டாளிக்காரன், இந்த மெடலு போன வருசம் வாங்குனது, அவருக்கு அங்க வேற குடும்பம் ஆயிடுச்சுன்னுதான் சொல்லிட்டுப் போனான். செத்துட்டாருன்னு சொன்னது நானு. ஓடிப்போனவன் மவன்னு எம்புள்ளைய எவனும் சொல்லக் கூடாது பாரு, அதுக்காக உசுரோட இருந்தவனுக்குத் தாலி அறுத்தேன்.”

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வரும் மகனைப் பார்த்ததும், பூர்ணிமாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“அவன்கிட்ட சொல்லிடாத கண்ணு. அப்பன் சண்டையிலதான் செத்தாருன்னு, பாவம், இன்னும் நம்பிக்கிட்டிருக்கான்.”