ஏசிக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கைக்குட்டை

எண்ணூர் சாலையில் டிரெய்லர் லாரி உறுமும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. தூசி நுழையக் கூடாதென்று அதன் இடுக்குகளில் டெபோரா ஈரத்துணி திணித்திருக்கிறாள். கட்டிலில் அவளுடைய மாமனார் ஜேக்கப், கையில் இன்ஹேலருடன். துறைமுகத்தில் முப்பது வருடம் நிலக்கரி இறக்கியவர். ஏசி கழுவ வந்த நவ்ரீன் ஸ்டூல் மேல் நிற்கிறாள். ஏசிக்கு அடியில் நீலப் பிளாஸ்டிக்கைத் தூளி மாதிரி கட்டி, நுனியைப் பக்கெட்டுக்குள் விட்டிருக்கிறாள். பம்புக் குழாயால் ஏசிக்குள் தண்ணீர் பீய்ச்சுகிறாள். தெளிவாகச் சீறிப் போகிறது, மைபோலக் கறுத்து இறங்குகிறது.

"ஜன்னல மூடிகினு இத்த ஓட்னா, உள்ள கீற தூசியேதான் சுத்திச் சுத்தி வரும்க்கா," என்கிறாள் திரும்பாமல். "பேஜாராவாத. நான் வந்துட்டேன்ல."

ஜேக்கப் பக்கெட்டில் விரல் விட்டுத் தேய்த்துப் பார்க்கிறார். "கரிதான். ரிட்டையராகி பத்து வருசமாச்சு, இன்னும் என்னை வுடல."

நவ்ரீன் மூடியை மாட்டி ஏசியை ஓடவிடுகிறாள். "வெள்ளத்துணி எதுனா புடிச்சுப் பாரு நைனா. ஒரு பொட்டு கறுப்பு வந்தாலும் மறுபடி கழட்டுறேன்."

வேலை முடிந்ததும் மூக்கைத் துடைத்துக் கறுப்பைப் பார்ப்பதற்காகவே அந்தக் காலத்தில் வைத்திருந்த வெள்ளைக் கைக்குட்டை இன்னும் ஜேக்கப்பின் சட்டைப் பையில் இருக்கிறது. அதை விரித்துக் காற்றில் பிடிக்கிறார். படபடக்கிறது. கண்ணருகே கொண்டுவந்து பார்க்கிறார், திருப்பியும் பார்க்கிறார். வெள்ளை. நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்.

"இன்னிக்குத்தாம்மா எனுக்கு ஷிப்டு முடிஞ்சுது."