லினக்ஸ் கேட்டு வந்தவர்

லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுத் தர முடியுமா என்று அந்த அக்கா கேட்டதும், கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டேன்.

நெல்லித்தோப்பில் லேப்டாப் ரிப்பேர் கடை போட்டு ஒன்பது வருஷமாகிறது. வருகிறவர்களிடமெல்லாம் லினக்ஸ் போடுங்கள் என்று வாயில் நுரை தள்ளச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பழைய சின்ன லேப்டாப்புக்கு அதுதான் தோது, வேகமாக ஓடும், வைரஸ் தொல்லை இல்லை, காசும் இல்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விண்டோஸையே போடச் சொல்வார்கள். பிள்ளைக்கு அதுதான் பழக்கமாம்.

இதைப் பற்றிப் பேச ஊரில் எனக்கு ஆளே கிடையாது. முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பேச, லினக்ஸ் சங்கம் என்று நான்கு பேர் இருந்தோம். மூன்று பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். இப்போது சங்கத் தலைவரும் நான்தான், உறுப்பினரும் நான்தான்.

அந்த அக்காவின் பெயர் சுலோசனா. பக்கத்திலிருக்கும் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறாராம். லினக்ஸ் போட்டால் எந்தத் தொந்தரவும் இருக்காது என்று கூட வேலை செய்கிற பெண் சொன்னாளாம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. டீ சொன்னேன். நம்ம கம்ப்யூட்டரில் எது ஓட வேண்டும், எது ஓடக் கூடாது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும் என்று மூச்சுவிடாமல் பேசினேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். இதில் பழைய போட்டோ தானாக வந்து நிற்காதே?

எனக்கு விளங்கவில்லை. அவரே லேப்டாப்பைத் திறந்து காட்டினார்.

திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. ஆறு வருஷத்துக்கு முன் இதே நாளில் என்று போட்டு ஒரு படம். பீச் ரோட்டில் சுலோசனாவும் அவர் வீட்டுக்காரரும். அந்த மனிதர் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு, தன் தொப்பியை எடுத்து இவர் தலையில் மாட்டிவிடுகிறார்.

தினமும் காலையில் இப்படி ஒன்று வருகிறதாம். வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறாராம்.

கேட்கப் பாவமாக இருந்தது. இரக்கம் மட்டுமில்லை. இதற்கு லினக்ஸ் தேவையே இல்லை. செட்டிங்ஸில் ஒரு பட்டனை அணைத்தால் போதும், ஒரு நிமிஷ வேலை. ஆனால் சொன்னால் போச்சு. ஒன்பது வருஷத்தில் தானாகக் கேட்டு வந்த ஒரே ஆளும் எழுந்து போய்விடுவார்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.

"தெரியும் தம்பி. நாலு வாட்டி அணைச்சேன். ரெண்டு நாள்கூட தாங்கல, நானே திரும்பப் போட்டுடுறேன்."

படங்களைப் பென்டிரைவில் எடுத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். லினக்ஸ் போட்டால் இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், திரும்ப வராது என்றேன். அழியட்டும் என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. பின்னால் ஒருநாள் முகத்தைப் பார்க்க வேண்டும்போல இருக்குமே, சாருடைய படம் ஒன்றாவது இருக்கட்டும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவர் காலமாகி எத்தனை நாளாகிறது என்றும் கேட்டுவைத்தேன்.

சுலோசனா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"செத்தவரு படமா இருந்தா மாட்டி வச்சிப் பாத்துக்குவேனே தம்பி. அதோ, எதுத்தாப்புல வண்டியில உக்காந்திருக்காரு பாருங்க. எங்கிட்ட பேசிதான் மூணு வருஷமாவுது."

ரோட்டுக்கு அந்தப் பக்கம், பேக்கரி வாசலில், ஸ்கூட்டரை நிறுத்தி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதே முகம்தான். போனைப் பார்க்கவில்லை, கடைப் பக்கமும் திரும்பவில்லை.

வேலை முடிய இரண்டு மணி நேரமாகும், வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள் என்றேன்.

இங்கேயே உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று சுலோசனா கேட்டார்.